சாந்தியாகோவின் த்ரோவா விழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியூபாவின் கிழக்குக் கோடியில் ஒரு நகரம், ஒரு தையற்காரரின் பிறந்தநாளை ஆண்டுதோறும் பாட்டுப் பாடியே கொண்டாடுகிறது. மேடை அலங்காரம் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு கிதார், சில நேரம் இரண்டு, கூடவே இரண்டு குரல்கள், அவ்வளவுதான். அந்த விழாவைப் பற்றியும் அந்தப் பாட்டைப் பற்றியும் நண்பர்கள் பல முறை கேட்ட கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

இது என்ன விழா? எங்கே, எப்போது நடக்கிறது?

பெப்பே சாஞ்செஸ் பன்னாட்டு த்ரோவா விழா என்பது இதன் பெயர். சாந்தியாகோ தே கியூபா நகரில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாத நடுவில் சில நாள் நடக்கும். 1960களின் தொடக்கத்திலிருந்து வருகிற விழா இது. மார்ச் 19 அதன் உச்ச நாள். அந்த நாளைக் கியூபா முழுவதும் த்ரோவா பாடகர்களின் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

த்ரோவா என்றால் என்ன? அது ஒரு தாளமா, ராகம் போன்ற ஒன்றா?

இரண்டும் அல்ல. தானே பாட்டுக்கட்டி, தானே மெட்டமைத்து, தன் கிதாரை மீட்டித் தானே பாடும் மரபுக்குத்தான் த்ரோவா என்று பெயர். பாடுகிறவர் த்ரோவாதோர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாந்தியாகோவைச் சுற்றிய கிழக்கு மாகாணத்தில் இது உருவானது. மெதுவான காதல் பாட்டான போலேரோ, ஆட்டத்துக்கான சோன், இன்னும் குவாராச்சா, ஆபனேரா, கிரியோயா என்று எந்தப் பாட்டு வடிவத்திலும் ஒரு த்ரோவாதோர் பாடுவார். அதனால் 'த்ரோவா எந்தத் தாளத்தில் இருக்கும்' என்று கேட்டால் விடை கிடைக்காது. கிதாருக்கும் பாட்டைக் கட்டியவருக்கும் இடையே ஆள் யாரும் இல்லை என்பதுதான் அடையாளம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள். தையற்காரர், கொல்லர், சுருட்டுச் சுற்றுபவர், முடிதிருத்துபவர். பகலில் பட்டறை, இரவில் கிதார். இசைப்பள்ளியின் வாசலைக்கூட மிதித்திராதவர்கள் பலர். இன்று கியூபாவின் செவ்வியல் செல்வம் என்று நாம் கேட்கும் பாட்டுகள் இவர்கள் வாயிலிருந்து வந்தவை.

பெப்பே சாஞ்செஸ் யார்? அவர் பிறந்தநாள் ஏன்?

ஹோசே சாஞ்செஸ் என்பது முழுப்பெயர். பெப்பே என்பது ஹோசேயின் செல்லப்பெயர். 1856 மார்ச் 19 அன்று சாந்தியாகோவில் பிறந்தார், 1918 ஜனவரியில் மறைந்தார். தொழில் தையல். இசையை எவரிடமும் முறையாகக் கற்றதில்லை. வானொலி வருவதற்கு முன்பே கடைகளுக்கு விளம்பரப் பாட்டுக் கட்டிக் கொடுத்தவர் என்று சொன்னால், ஊரில் அவர் எப்படி அறியப்பட்டிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அவருடைய 'த்ரிஸ்தேசாஸ்', அதாவது 'துயரங்கள்', கியூபாவின் முதல் போலேரோ என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆண்டு 1883 (1885 என்பாரும் உண்டு). காதலி குறைபட்டுக்கொள்கிறாள், என்னைச் சந்தேகிக்கிறாளே என்று காதலன் வருந்துகிறான். பாட்டின் பொருள் அவ்வளவுதான். பாட்டு இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் பதினாறு அளவை (தாளச் சுற்று), இடையில் கிதார் மட்டும் தனித்து நடந்துபோகும் ஒரு சிறு வழி. இந்த எளிய கட்டுமானத்தைத்தான் அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டு வளர்த்தது. அடுத்து வந்த பெரிய த்ரோவாதோர்களில் பலர் அவரை நேரடியாகவே ஆசானாகக் கொண்டவர்கள்.

அவர் பாட்டுகள் எல்லாம் கிடைக்கின்றனவா?

இல்லை, பெரும்பாலானவை போய்விட்டன. இந்த விழாவின் மீது எனக்குள்ள பற்றுக்கு இதுவே முதல் காரணம்.

பெப்பே சாஞ்செஸ் மெட்டுகளை மனத்திலேயே கட்டினார், மனத்திலேயே வைத்துக்கொண்டார். ஒரு வரியைக்கூட இசைக்குறிப்பாக எழுதவில்லை. அவருடன் சேர்ந்து பாடியவர்களும் மாணவர்களும் நினைவிலிருந்து எழுதிக் காப்பாற்றியதில் ஏறத்தாழ இருபத்து நான்கு பாட்டுகள் மிஞ்சின. மற்றவை அவருடனேயே சாந்தா இஃபிஹேனியா இடுகாட்டுக்குப் போய்விட்டன.

ஆக, இன்று நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு பாட்டையும் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு, இரண்டாம் குரலாகக் கூடப் பாடி, தன் மனத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். எழுதாத பாட்டுக்கு ஏடு அந்தப் பக்கத்து ஆள்தான். பெப்பே சாஞ்செஸை நினைத்து நடக்கும் விழாவில் முதியவர் ஒருவரும் இருபது வயதுக்காரர் ஒருவரும் அருகருகே அமர்ந்து ஒரே பாட்டைப் பாடுவதை வெறும் நிகழ்ச்சி என்று என்னால் நினைக்க முடியவில்லை. காப்பாற்றும் வேலையே அதுதான்.

போலேரோ ஸ்பெயினிலிருந்து வந்ததுதானே?

பெயர் மட்டும் வந்தது. ஸ்பெயினின் போலேரோ மூன்று எண்ணிக்கையில் நடக்கும் ஆட்டம். கியூபாவின் போலேரோ இரண்டு எண்ணிக்கை. ஆடுவதற்கு முன்பே பாடுவதற்காகப் பிறந்தது.

அதன் உள்ளே ஓடும் அடிக்கு 'சிங்கியோ' என்று பெயர். எட்டு மாத்திரையை இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று பிரித்து ஐந்து அடியாகத் தட்டிப் பாருங்கள். மேசை மீது நாலைந்து முறை தட்டினால் கை தானாகவே ஆட ஆரம்பித்துவிடும். 1791இல், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஹெயிட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு அங்கிருந்து கிழக்குக் கியூபாவுக்குக் குடிபெயர்ந்தவர்களுடன் இந்த அடி பரவியது என்பது வழக்கமான விளக்கம். சாந்தியாகோவில் தீவோலி என்ற மேட்டுக் குடியிருப்பு அந்தப் பிரெஞ்சு வரவின் நினைவாக இன்றும் இருக்கிறது.

போலேரோவை 2023 டிசம்பரில் கியூபாவும் மெக்சிகோவும் சேர்ந்து முன்மொழிந்து, யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாழும் மரபு என்று உலகம் அதற்குப் பெயர் கொடுக்க ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின.

பாடுகிறவர்கள் ஏன் எப்போதும் இருவராக இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பேன்.

முதல் குரல் 'பிரிமோ', மெட்டைச் சுமக்கும். இரண்டாம் குரல் 'செகுந்தோ'. முதன்முறை கேட்பவர் செகுந்தோவை வெறும் துணை என்று நினைத்து விட்டுவிடுவார். காதில் ஒலிப்பானைப் பொருத்திக்கொண்டு, முதல் குரலை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, கீழே போகும் குரலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அது மேல் குரலை நிழல்போல ஒட்டிக்கொண்டே போவதில்லை. மேல் குரல் நீட்டி நிற்கும் இடத்தில் கீழ்க்குரல் நகரும். மேல் குரல் மூச்சு வாங்கும் இடத்தில் கீழ்க்குரல் ஒரு சொல்லை முடித்து வைக்கும். சில இடத்தில் இரண்டும் உரசி, காதுக்குச் சற்றே புளிப்பாக ஒலித்து, அடுத்த நொடியில் இனிமையாக இறங்கும். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் பாட்டே தட்டையாகிவிடும்.

கமகுவேயில் பிறந்த பத்ரீசியோ பாயாகாஸ் இதை எல்லைவரை கொண்டுபோனார்: இரு குரலுக்கும் இரண்டு வெவ்வேறு மெட்டு, இரண்டு வெவ்வேறு வரிகள், ஒரே நேரத்தில். இருவர் பேச்சும் ஒருசேரக் கேட்கும், ஆனாலும் சிக்காது.

இரண்டாம் குரலுக்கு அந்த மண்ணில் எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு பெயரே சான்று. கொம்பாய் செகுந்தோ என்று உலகம் அறிந்த பிரான்சிஸ்கோ ரெப்பிலாதோவின் பட்டப்பெயரில் 'கொம்பாய்' என்பது தோழரைக் கிராமத்தார் அழைக்கும் சொல். 'செகுந்தோ' அவர் பாடிய இரண்டாம் குரல். லொரென்சோ இயெரெசுவேலோவுடன் சேர்ந்து 'லோஸ் கொம்பாத்ரெஸ்' என்று பாடிய 1940களில் கிடைத்த பெயர். சாகும்வரை பெருமையோடு அதையே வைத்துக்கொண்டார்.

கையில் இரண்டு குச்சியைத் தட்டுகிறார்களே, அது என்ன?

கிளாவே. கடினமான மரத்தில் செய்த இரண்டு உருளைக் கட்டைகள். இடக்கையைக் கிண்ணம்போலக் குவித்து, ஒரு கட்டையை விரல் நுனிகளுக்கும் கட்டைவிரல் அடிக்கும் மேலே லேசாகக் கிடத்துவார்கள். இறுக்கிப் பிடித்தால் ஒலி செத்துவிடும். உள்ளங்கையின் குழிதான் அதற்கு ஒலிக்கூடு. வலக்கைக் கட்டை அதன் நடுவில் விழும்போது எழும் அந்தக் 'கிண்' என்ற ஒலி, கிதார், குரல், கூட்டத்தின் இரைச்சல் எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு தெருக்கோடிவரை போகும்.

த்ரோவாவின் நால்வர் என்கிறார்களே, யார் யார்?

சிந்தோ காராய், மனுவேல் கொரோனா, அல்பெர்தோ வியலோன், ரொசெந்தோ ரூயிஸ். கொரோனாவைத் தவிர மற்ற மூவரும் சாந்தியாகோவில் பிறந்தவர்கள்.

சிந்தோ காராய் 1867இல் பிறந்து 1968இல், 101 வயதில் மறைந்தார். சிறுவனாக இருந்தபோது விடுதலைப் போராளிகளுக்குச் செய்தி கொண்டுபோக சாந்தியாகோ துறைமுக வாயிலை நீந்திக் கடந்தவர். பிறகு சர்க்கஸில் வித்தை காட்டினார். பள்ளிக்குப் போகாத அவர் கடைப் பலகைகளில் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதியே படிக்கக் கற்றுக்கொண்டார். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவர் பாட்டுகளில் வரும் சுரச்சேர்க்கைகளைக் கேட்டால் கற்றவர்களே ஒரு நொடி நின்று யோசிப்பார்கள். பிள்ளைகளுக்கு குவாரியோனெஸ், அத்துவெய் என்று அந்தத் தீவுகளின் பழங்குடித் தலைவர்களின் பெயரை வைத்தார். கியூப விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தியின் கையையும் ஃபிடல் காஸ்ட்ரோவின் கையையும் குலுக்கியவர்கள் அதிகம் பேர் இல்லை என்று சொல்லிப் பெருமைப்படுவார். நடுவே ஒரு நாட்டின் வரலாறே அடங்கிவிடுகிறது.

மனுவேல் கொரோனா கைபரியேனில் 1880இல் பிறந்தவர், சுருட்டுச் சுற்றும் தொழிலாளி. பிறர் பாட்டுக்குப் பதில்பாட்டுக் கட்டுவதில் வல்லவர். ரொசெந்தோ ரூயிஸ் 'அழகிய ஹேலா' என்று பாடினால், இவர் 'அன்புக்குரிய ஹேலா' என்று பதில் கொடுப்பார். 1950இல் ஹவானாவில் வறுமையில் இறந்தார். 'லோங்கினா' என்ற ஒரே பாட்டுக்காகவே அவர் காலமெல்லாம் வாழ்வார் என்று நான் நம்புகிறேன்.

ரொசெந்தோ ரூயிஸும் தையற்காரர்தான். வியலோன் கிதாரை வெறுமனே உரசி வாசிக்காமல் நரம்பு நரம்பாக மீட்டும் வாசிப்பை வளர்த்தவர்.

பெண்கள் இல்லையா?

மரியா தெரேசா வேரா இல்லாமல் த்ரோவா வரலாற்றை எழுதவே முடியாது. 1895இல் குவானஹாயில் பிறந்தார். பெண் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு பொதுவிடத்தில் பாடுவதை ஊர் ஏற்காத காலத்தில் பாடினார். முதலில் ரஃபாயெல் செகேய்ராவுடன் பல ஒலித்தட்டுகள். செகேய்ரா 1924இல் இறந்தார். 1937 முதல் கால் நூற்றாண்டு லொரென்சோ இயெரெசுவேலோவுடன் இணைந்து பாடினார். தன் பாட்டுகளைவிடக் கொரோனா முதலியோரின் பாட்டுகளை அவர்தான் அதிகம் சுமந்து நமக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அவர் மெட்டமைத்த 'வெயிந்தே ஆன்யோஸ்', அதாவது 'இருபது ஆண்டுகள்', இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. வரிகளை எழுதியவர் அவருடைய தோழி கியெர்மினா அரம்புரு. கடந்துபோன காதலைப் பற்றிய அந்தப் பாட்டைக் குரலை உயர்த்தாமல், அழாமல் பாடியிருப்பார் மரியா தெரேசா. கேட்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கும்.

'லா பயமேசா' என்று தேடினால் மூன்று பாட்டு வருகிறதே?

மூன்றும் வேறு வேறு. பயமேசா என்றால் பயாமோ ஊர்ப் பெண்.

முதலாவது, 1851 மார்ச் 27 இரவு பயாமோவில் லூஸ் வாஸ்கெஸ் என்ற பெண்ணின் சன்னலுக்கு வெளியே பாடப்பட்ட காதல் பாட்டு. த்ரோவாவுக்கு முன்னோடி இதுவே என்பார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்லோஸ் மனுவேல் தே செஸ்பெதெஸ், பதினேழு ஆண்டு கழித்து ஸ்பெயினுக்கு எதிரான கியூபாவின் முதல் விடுதலைப் போரைத் தொடங்கிவைத்தார்.

இரண்டாவது, கியூபாவின் நாட்டுப்பண். பெரூச்சோ ஃபிகெரேதோ அமைத்தது. 1868 அக்டோபரில் பயாமோவில் மக்கள் பாடியது.

மூன்றாவது சிந்தோ காராயின் 1918ஆம் ஆண்டுப் பாட்டு. எதிரியிடம் ஒப்படைப்பதைவிட மேல் என்று 1869 ஜனவரியில் பயாமோ மக்கள் தங்கள் ஊரையே எரித்தார்கள். அந்த ஊர்ப் பெண்களின் நினைவு இதில் இருக்கிறது. விழாவில் நீங்கள் கேட்கப்போவது பெரும்பாலும் இதுதான். இரு குரலும் சேர்ந்து மெல்லத் தொடங்கி ஏறும்போது கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சிந்தோவின் உடல் அவர் விருப்பப்படியே பயாமோவில் அடக்கம் செய்யப்பட்டது.

விழா நாட்களில் என்னதான் நடக்கும்?

இசைஞர்கள் கிதாரோடு சாந்தா இஃபிஹேனியா இடுகாட்டுக்குப் போவார்கள். பெப்பே சாஞ்செஸின் கல்லறைக்கு முன்னால் பாடுவார்கள். ஹோசே மார்த்தியின் நினைவிடமும் அங்கேதான், கொம்பாய் செகுந்தோவின் கல்லறையும் அங்கேதான். சன்னலடியில் நின்று பாடும் செரெனாட்டா வழக்கத்தை நினைவூட்டும் இரவுப் பாட்டுகள், தொலோரெஸ் அரங்கில் கச்சேரிகள், ஆய்வாளர்களின் உரைகள், பூங்காவிலும் முற்றங்களிலும் கூடிப் பாடும் 'பெஞ்ஞா' கூட்டங்கள் என்று நாட்கள் போகும். வெளிநாட்டிலிருந்தும் கலைஞர்கள் வருவார்கள்.

எனக்கு இவற்றில் பெரியது இடுகாட்டுப் பாட்டுதான். மலர்வளையத்தை எந்தத் தலைவருக்கும் வைக்கலாம். எழுதாமல் போன ஒருவருக்கு அவருடைய பாட்டை மனப்பாடமாகத் திருப்பிப் பாடுவது வேறு வகை மரியாதை.

காசா தே லா த்ரோவா என்பது?

'த்ரோவாவின் வீடு'. செஸ்பெதெஸ் பூங்காவுக்கு அருகில் எரேதியா தெருவில் 208ஆம் எண். முன்பு வெர்ஹிலியோ பலாய்ஸ் என்பவர் நடத்திய சிறு கடையில் த்ரோவாதோர்கள் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1968இல் அது முறைப்படியான இசை வீடாயிற்று. சுவர் முழுக்கப் பழைய பாடகர்களின் படங்கள். தெருவைப் பார்த்த சன்னல்கள் உயரமானவை. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்று கேட்பார்கள். பிறகு பயாமோ, கமகுவே, திரினிதாத், பராகோவா என்று பல ஊர்களில் இதே பெயரில் வீடுகள் உண்டாயின.

சில்வியோ ரொத்ரிகெஸ் பாடுவதும் த்ரோவாதானே?

அது நுவேவா த்ரோவா, புதிய த்ரோவா. 1968 பிப்ரவரியில் ஹவானாவின் காசா தே லாஸ் அமெரிக்காஸ் அரங்கில் சில்வியோ ரொத்ரிகெஸ், பாப்லோ மிலானெஸ், நொயெல் நிக்கோலா மூவரும் சேர்ந்து பாடியதை அதன் தொடக்கமாகக் கொள்வார்கள். சிந்தோ காராய் மறைந்ததும் அதே ஆண்டு, காசா தே லா த்ரோவா உருவானதும் அதே ஆண்டு. புதியவர்கள் பழையவர்களைப் பகைக்கவில்லை. பாப்லோ மிலானெஸ் பழைய த்ரோவாதோர்களைத் தேடிப்போய் அவர்களுடன் சேர்ந்து ஒலிப்பதிவு செய்தார். சாந்தியாகோ விழாவில் இரு தரப்பும் பாடும், மையம் பழைய த்ரோவா.

சாந்தா கிளாராவில் ஜனவரியில் நடப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது மனுவேல் கொரோனாவின் நினைவாக நடக்கும் லோங்கினா விழா. அங்கே இளம் பாட்டாளர்களுக்கே முதலிடம்.

புவெனா விஸ்தா சோஷியல் கிளப் மூலம்தான் எனக்குத் தெரியும். அது போதாதா?

நல்ல வாசல் அது. பழைய கியூப இசைஞர்கள் கூடிப் பாடிய அந்த இசைத்தொகுப்பு 1996இல் ஒலிப்பதிவாகி 1997இல் வெளியானது. கொம்பாய் செகுந்தோ, எலியாதெஸ் ஒச்சோவா இருவரும் கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகள், த்ரோவாவில் ஊறியவர்கள். அதில் 'வெயிந்தே ஆன்யோஸ்' பாட்டும் இருக்கிறது. ஆனால் அதில் வாத்தியங்கள் நிறைய. அதைக் கேட்டுவிட்டு மரியா தெரேசா வேராவின் பழைய பதிவைக் கேட்டால், அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டு இருவர் மட்டும் உங்களுக்காகப் பாடுவதுபோல இருக்கும்.

ஸ்பானிய மொழி தெரியாது. எதிலிருந்து தொடங்கலாம்?

மத்தாமோரோஸ் மூவரிலிருந்து. மிகேல் மத்தாமோரோஸ், கொல்லரான சிரோ ரொத்ரிகெஸ், ரஃபாயெல் குவேத்தோ. மிகேலின் பிறந்தநாளான 1925 மே 8 அன்று சாந்தியாகோவில் சேர்ந்தவர்கள், முப்பத்தைந்து ஆண்டுகள் பிரியவே இல்லை. அவர்களுடைய 'லாக்ரிமாஸ் நெக்ராஸ்' (கறுப்புக் கண்ணீர்) போலேரோவாகத் தொடங்கிச் சோனாக நடை மாறும். மொழி புரியாவிட்டாலும் அந்த மாறும் இடம் புரியும். அடுத்து சிந்தோவின் 'பெர்லா மரினா', பிறகு 'லோங்கினா'.

வரிகளின் பொருளை முன்கூட்டியே ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு தாளை மூடிவிடுங்கள்.

நேரில் போக வேண்டும் என்றால்?

ஹவானாவிலிருந்து சாந்தியாகோ 850 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் ஓர் இரவும் அதற்கு மேலும் ஆகும். உள்நாட்டு விமானம் உண்டு, ஆனால் நேரம் தவறும். விசாவுக்கும் அந்த ஆண்டின் நாட்களுக்கும் கியூபத் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மேடும் பள்ளமுமான ஊர், மார்ச்சிலேயே வெயில் அடிக்கும், நல்ல செருப்பு வேண்டும். ஊர்க்காரர் வீடுகளில் வாடகை அறைகள் கிடைக்கும்.

அண்மை ஆண்டுகளில் கியூபா கடும் மின்வெட்டிலும் எரிபொருள் தட்டுப்பாட்டிலும் தவிக்கிறது. கைவிளக்கும் தேவையான மருந்துகளும் கொண்டுபோங்கள். உபரியாக இரண்டு மூன்று கட்டு கிதார் நரம்பும் எடுத்துப்போனால் நல்லது. அங்கே நரம்பு கிடைப்பது அரிது, ஓர் இசைஞருக்கு அதைவிட உதவியான பரிசு இல்லை.

மார்ச் மாதத்தில் போக முடியாவிட்டால்?

எரேதியா தெருவுக்கு எந்த மாதமும் போகலாம். பாட்டுக்குத் தனிக் காலம் அங்கே இல்லை. உள்ளே டிக்கெட் கிடைக்காவிட்டால், சன்னல் கம்பிக்கு வெளியே இடம் இருக்கும்.